வாயில் பால் ஊற்றிய கதை

உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் இரக்க குணத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நீங்கள் நிற்கிற நிலையைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. உங்களுக்கு இப்போது ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் என்று நீளமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களை டிரெசர் என்பார்கள். தோட்டத்து ஜனங்கள் டிரெசர் ஐயா என்பார்கள். அந்த ஐயா இருக்கிறதே, அது மெல்ல மெல்லத் தலைக்கு ஏறும். ஐந்து வருஷம் கேட்டுவிட்டால் இறங்கவே இறங்காது.

மருந்து, ஊசி, கட்டு இதையெல்லாம் பற்றி நான் பேசப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. நீங்களும் படித்து, பரீட்சை முடிந்த கையோடு மறந்திருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் நம் வாசலில் வந்து விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். உதவி செய்ய வேண்டும் என்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். அந்த உதவியால் ஒரு குடும்பம் சிதறிப் போகப் பார்த்தது.

ரப்பர் விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. நான் இருந்தது இதே ஜோகூரில் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டம். சுற்று வட்டாரம் முழுவதும் ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சடக்குச் சாலை வழியாகவும் தண்டவாளத்து ஓரமாகவும் வேலை தேடி நடந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் எல்லையில் துரை ஒரு பலகை அடித்து வைத்திருந்தார், வேலை இல்லை என்று மூன்று மொழியில். வாசிக்கத் தெரியாதவர்கள் உள்ளே வந்து, அதையே ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியார் வாயால் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

ஒரு நாள் காலையில் ரப்பர் மரம் சீவப் போன இரண்டு பேர், தண்டவாளத்தை ஒட்டிய வடிகாலில் கிடந்தார் என்று ஒரு ஆளைக் கோணிச் சாக்கில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வயது முப்பது இருக்கும். உடம்பு காய்ச்சலில் கொதித்தது. நாக்கு தடித்து உலர்ந்து கிடந்தது. கண்ணைத் திறக்காமல் ஒரே சொல்லை முனகிக்கொண்டிருந்தார்: “பாலோ... பாலோ...”

அது பாலோ என்கிற ஊர். இங்கிருந்து ரயிலில் தெற்கே போனால் வருகிற அதே பாலோதான். அங்கே ஸ்டேஷன் சாமான் கொட்டகைக்குப் பின்னால் தன் மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் உட்கார வைத்துவிட்டு, “ரெண்டு நாள்ல வந்துர்றேன், இந்த எடத்த விட்டு அசையாத” என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். லாபிஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பி நடந்து வந்திருக்கிறார். அந்த இரண்டு நாள் அன்றோடு முடிகிறது. யாராவது ஒருவர் போய் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். உங்களுக்கு இது இப்போதே தெரிந்துவிட்டது, நான் சொல்லிவிட்டதால். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் யாரிடமாவது கேட்டேனா என்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவர் சொன்னது என் காதில் ‘பாலு’ என்று விழுந்தது. தெலுங்கில் பாலுக்குப் பாலு என்பார்கள். அதற்கு முன்னால் உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தேன். அங்கே தெலுங்கு ஜனங்கள் அதிகம். ஒரு இருபது தெலுங்குச் சொல் அப்போது ஒட்டிக்கொண்டது. அந்த இருபதை வைத்துக்கொண்டு நான் பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சம் இல்லை.

“தெலுங்கு ஆளுப்பா. பசிச்சுப் பால் கேக்குறாரு” என்றேன். தூக்கி வந்த இருவரும் என் அறிவை வியந்து பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போது கிராணியார் வந்தார். எங்கள் கிராணியாருக்கு உலகத்தில் இரண்டே ஜாதிதான்: செக்ரோலில் பேர் இருக்கிறவர்கள், பேர் இல்லாதவர்கள். தோட்டத்து ஆட்களின் பேர்ப் புத்தகம் அது. பேர் இல்லாதவர்களுக்குக் கட்டில் கிடையாது.

“டிரெசர், இது யாரு? எங்கேருந்து வந்தான்? கூட யாரு வந்தா? யாராச்சும் தேடிக்கிட்டு இருப்பாங்களே” என்றார்.

தொல்லையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடத்தான் கேட்டார், சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். கல்நெஞ்சக்காரர் என்று நான் எழுதிவைத்திருந்த மனிதர் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “உசுருக்குப் போராடுற மனுஷனுக்கு ஊர் என்னங்க, பேர் என்னங்க? கட்டில் நான் கொடுக்கிறேன். துரைகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றேன். வாசலில் நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கிராணியார் முகம் சிறுத்துத் திரும்பிப் போய்விட்டார். இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா இந்த ஆள் என்று இருந்தது எனக்கு. பதில் எல்லாம் தயாராக இருந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்து நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அப்பாயம்மா என்று ஒரு ஆயா இருந்தார். பிறவித் தெலுங்கு. நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டே அந்த மனிதரிடம் குனிந்து இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்:

“ஐயா, இவரு நம்மாளு இல்லீங்களே.”

அவருக்கு நம்மாளு என்றால் தெலுங்கு ஆள். இவருக்குத் தெலுங்கு தெரியாது, நீங்கள் ஏதோ தப்பாக நினைத்திருக்கிறீர்கள் என்பதை அந்த அம்மாள் எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். என் காதில் எப்படி விழுந்தது? இவன் நம் தோட்டத்து ஆள் இல்லை, இவனுக்கு எதற்கு இத்தனை பாடு என்று விழுந்தது. எனக்கு வந்ததே கோபம்.

“அப்பாயம்மா, நீயுமா இப்படிப் பேசுற? நம்மாளு, வேத்தாளுன்னு பாக்குற எடமா இது? நாளைக்கு நீ எங்கயாச்சும் விழுந்து கெடந்தா நம்மாளு இல்லைன்னு விட்டுட்டுப் போனா எப்படி இருக்கும் ஒனக்கு?”

கால்மணி நேரம் பேசியிருப்பேன். அன்பு, கருணை, மனிதத்தன்மை ஒன்றையும் விடவில்லை. அப்பாயம்மா தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அவர் வாயே திறக்கவில்லை. திறக்க நான் எங்கே விட்டேன்? விஷயம் தெரிந்த ஒரே ஆளுக்கு இரக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்து வாயை அடைத்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அதன் பிறகுதான் பால். டின்பாலைச் சுடுதண்ணீரில் கரைத்து, சின்னக் கரண்டியால் நானே ஊட்டினேன். ஆயாவிடம் கூடக் கொடுக்கவில்லை. சேதி லயத்து வீடுகள் முழுக்கப் பரவி, வேலை முடிந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கங்காணி சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தெலுங்கில், “பாலு... தாகு, தாகு” என்று கொஞ்சினேன். குடி குடி என்று அர்த்தம். அந்த மனிதர் கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

“பாருங்க, நன்றில எப்படிக் கலங்குறாரு” என்றேன்.

ஒரு கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, ஜன்னல் பக்கம் காட்டி, மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் தெற்கே போகிறது. ஜன்னல் திட்டில் பால் டின் இருந்தது. நான் எதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு டம்ளர் கரைத்தேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் இதே கூத்துதான். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. கொயினா நிறையப் போனால் காது இரைந்து அடைத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியும். ஆகவே நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்ட தமிழும் அவர் காதில் ஏறவில்லை. ஏறியது நான் காதருகே கத்திய தெலுங்கு மட்டும். துரை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். சாயங்காலம் லாபிஸ் காப்பிக் கடையில் உட்கார்ந்து, கிராணியாரிடம் நான் பேசியதைப் பேசியதற்கு மேலேயே சேர்த்துச் சொன்னேன். அந்த இரண்டு நாளும் எனக்கு மிகவும் சந்தோஷமான நாட்கள், மறைப்பானேன்.

நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. நான் உள்ளே நுழையும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து, அப்பாயம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பாஷை தெரியாதவர்களிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கையையும் ஆட்டிக் கேட்டார்.

“அம்மா... இந்த ஆஸ்பத்திரில... தமிழ் தெரிஞ்சவங்க... யாராச்சும்... இருக்காங்களா?”

அப்பாயம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “டிரெசர் ஐயாவே தமிழருதாங்க.”

அந்த மனிதர் என்னையே பார்த்தார். “அப்புறம் ஏங்க...” என்று ஆரம்பித்தார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. ஒரு தமிழரைப் பிடித்து வைத்து மூன்று நாள் தெலுங்கில் கொஞ்சிய தமிழன் இந்த ஜோகூரில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

அப்போதுதான் பாலோவும் மனைவியும் குழந்தையும் வெளியே வந்தன. “இன்னிக்கு என்ன கெழமைங்க?” என்று கேட்டார். சொன்னேன். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தவர் கட்டிலை விட்டு இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். நான் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

கொயினாப் பொட்டலத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தெற்கே போகிற முதல் ரயிலில் நானும் கூடப் போனேன். பெக்கோக் ஸ்டேஷன் தாண்டிய பிறகு அவராகத்தான் பேசினார்.

“வாயில பால ஊத்துனீங்களே, சுத்தி எல்லாரும் நின்னு அழுதுக்கிட்டு. சரி, நம்ம கதை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். கடைசிப் பாலு நம்ம சனம் யாரும் ஊத்தல, யாரோ தெலுங்குக்காரங்க ஊத்துறாங்களேன்னு இருந்துச்சு. அந்தப் புள்ள அங்க ஒக்காந்துக்கிட்டு இருக்கே, அதுக்கு யாரு போய்ச் சொல்லுவான்னுதான் அழுகையா வந்துச்சு.”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சாகக் கிடக்கிறவர் வாயில்தான் சுற்றி நின்று பால் ஊற்றுவார்கள் என்பது தமிழனுக்குப் பிறந்த எனக்குத் தெரியாதா? அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியதெல்லாம் நான் எவ்வளவு நல்லவன் என்பதுதான்.

பாலோவில் இறங்கினோம். சாமான் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு இருந்தது. சாம்பல் ஆறிக் கிடந்தது. ஆள் இல்லை. அவர் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஜவுளிக் கடைக்கு ஓடி விசாரித்தேன். கடைக்காரர் தமிழர், தோளில் சரிகைத் துண்டு போட்டவர். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“அந்தக் கைப்புள்ளக்காரப் பொண்ணா? பாவம் சார். புருஷன்காரன் விட்டுட்டு ஓடிட்டான். நாங்க நாலு பேரு சேந்து நேத்து மத்தியானம் ரயில் ஏத்தி விட்டுட்டோம். சிங்கப்பூர் போனா சர்க்காரே கப்பல்ல ஊருக்கு அனுப்பி வச்சுருவாங்க. போறப்ப ஒரு புதுச் சேலையும் குடுத்தேன்.”

“அவ போறேன்னு சொன்னாளா?” என்றேன்.

“அது எங்க சார் சொல்லும்? ‘வருவாரு, வருவாரு’ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. புத்தி பெரண்டிருச்சு போல. நாங்கதான் சமாதானம் பண்ணிக் கையப் புடிச்சு ஏத்துனோம். அந்தப் பக்கத்துத் தோட்டத்துச் சீனத்தி வேற, தெனம் கஞ்சி ஊத்துனவ, நடுவுல வந்து நின்னுக்கிட்டு ‘லாக்கி, லாக்கி’ன்னு ஒரே கத்தல். அவளுக்கு என்ன தெரியும்?”

லாக்கி என்றால் மலாயில் புருஷன். இவளுக்குப் புருஷன் இருக்கிறான், அனுப்பாதீர்கள் என்று அந்தச் சீனப் பெண் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் தமிழ் தெரியாமல், தினம் கஞ்சி ஊற்றப் போன நேரத்தில் அவளுக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது. ஜவுளிக் கடைக்காரருக்கும் எனக்கும் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளாக நான் எந்த முகத்தோடு திரிந்தேனோ அதே முகம். அதைத் துடைத்தெடுக்க வேண்டும் போல ஆத்திரமாக வந்தது. ஆனால் யார் முகத்தை முதலில் துடைப்பது?

திரும்பி வந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஏத்தி விட்டுட்டாங்களா” என்று ஒரு தடவை கேட்டார். தெற்கே போகிற அடுத்த ரயில் எப்போது என்று கேட்டார். அதற்குள் ஜவுளிக் கடைக்காரர் பின்னாலேயே வந்து, இன்னார்தான் புருஷன் என்று தெரிந்ததும், “அடடா, இவருக்கும் ஏதாச்சும் செய்யணுமே” என்று ஆரம்பித்துவிட்டார். செய்வோம் செய்வோம் என்று நானும் ஒத்து ஊதினேன். சிங்கப்பூரில் யாருக்குத் தந்தி கொடுக்கலாம், யார் யாரைத் தெரியும் என்று நாங்கள் இருவரும் ஆலோசனை நடத்தினோம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். அவர் சட்டென்று எழுந்து நின்றார். தெற்கே தண்டவாளத்தில் யாரோ நடந்து வந்தார்கள். இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, உடம்பில் புதுச் சேலை. அடுத்த ஸ்டேஷனில் ரயில் நின்றதும் இறங்கிவிட்டாளாம். ராத்திரிப் பொழுதை அங்கேயே கழித்து, விடிந்ததும் தண்டவாளத்தோடு நடந்தே வந்திருக்கிறாள். இந்த இடத்தை விட்டு அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனாரே, அந்த இடத்துக்கு.

அவர் ஓடவில்லை, ஓடத் தெம்பு இல்லை. அவளும் ஓடவில்லை. கிட்டே வந்ததும் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். “ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க?” என்று மட்டும் கேட்டாள். அதற்குள் ஜவுளிக் கடைக்காரரைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. புருஷனுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு சொன்னாள்:

“இவங்கதான். மறுபடி ஏத்தி விட்டுருவாங்க. வாங்க, போயிருவோம்.”

இருவரும் மூட்டையை எடுத்துக்கொண்டு தண்டவாளத்து ஓர ஒற்றையடிப் பாதையில் வேகமாக நடந்தார்கள். கடைக்காரர் என்னிடம் திரும்பி, “பாத்தீங்களா சார், ஒரு வார்த்தை நன்றி சொல்லத் தெரியுதா?” என்றார். நேற்று வரைக்கும் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

இரக்கமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். உங்களுக்கு அது வசதியாகப் போய்விடும். கட்டிலும் கொயினாவும் இல்லை என்றால் அந்த மனிதர் வடிகாலிலேயே முடிந்திருப்பார். அந்தச் சீனப் பெண்ணின் கஞ்சி இல்லை என்றால் அவர் மனைவியும் குழந்தையும் என்ன ஆகியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. செய்யத்தான் வேண்டும். செக்ரோலில் பேர் இல்லாதவருக்கு முதலில் செய்ய வேண்டும். ஆனால் செய்கிற நேரத்தில் உங்கள் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், எதிரே கிடக்கிறவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் ஆயாவைக் கேளுங்கள். ஆயா சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அவர்கள் நடந்து போய்க்கொண்டிருந்தபோதுதான், பையில் கொயினாப் பொட்டலம் அப்படியே இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்து நாளுக்கு விட்டுப் போகாமல் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சல் திரும்பும். பின்னாலேயே ஓடினேன். மூச்சு வாங்க அவர்களைத் தாண்டிப் போய் முன்னால் நின்று, பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, எப்போது எத்தனை என்று சொன்னேன், தமிழில். வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளில் முதல் தடவையாகக் கேட்டேன்:

“ஒங்களுக்கு வேற என்னம்மா வேணும்? சொல்லுங்க, செய்றேன்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கொஞ்சம் வழிய விடுங்க” என்றாள்.

ஒற்றையடிப் பாதை, நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். விலகிப் புல்லில் இறங்கி நின்றேன். அவர்கள் போனார்கள்.